சிவப்பு முடிப் பெண் ஆன்: காரைக்குடி வாசிப்பு வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டு முகப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவார்கள். கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களும் ஆயாக்களும் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) "கொஞ்ச நேரம்" என்று உட்கார்ந்து, கடைசிவரை இருந்துவிட்டுத்தான் போவார்கள். இந்தத் தடவை எடுத்த நாவல் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'. ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மூன்று மாதம் ஓடியது. கேட்ட கேள்வியையே அடுத்த வாரம் வேறொருவர் கேட்பார், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கதையின் முடிவும் இதில் இருக்கிறது, முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

மொத்தக் கதையையும் ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்களேன், எங்க பாப்பா பாதியிலதான் வந்து சேர்ந்தா.

கனடாவில் ஒரு தீவு. அங்கே ஆவன்லி என்ற கிராமத்தில், கிரீன் கேபிள்ஸ் என்ற வீட்டில், மாத்யூ, மரில்லா என்று கல்யாணமே பண்ணிக்கொள்ளாத அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அனாதை விடுதியிலிருந்து ஒரு பையனை வரவழைக்கிறார்கள். வந்து இறங்குவது பதினோரு வயதுப் பெண், ஆன் ஷெர்லி. சிவப்பு முடி, முகமெல்லாம் புள்ளி, ஓயாத வாய். அவளைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது முதல் சில அத்தியாயங்கள். வைத்துக்கொண்ட பிறகு ஐந்து வருஷம் அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்பது மீதி.

எழுதினவுக யாரு? அவுகளும் தாய் தகப்பன் இல்லாதவுகளா?

லூசி மாட் மான்ட்கோமரி. 1874-ல் அதே தீவில் பிறந்தவர். இரண்டு வயது நிறைவதற்குள் அம்மா காசநோயில் போய்விட்டார். அப்பா பிறகு வெகு தூரம் மேற்கே போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். பிள்ளையை வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஐயாவும் ஆயாவும். சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை, கண்டிப்பான வீடு. அப்பா உயிரோடு இருந்ததால் சட்டப்படி அவர் அனாதை இல்லை. ஆனால் மரில்லா வீட்டின் பாசம் காட்டாத கண்டிப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பையன் கேட்ட ஒரு தம்பதிக்குத் தவறுதலாகப் பெண் பிள்ளை வந்தது என்று பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த ஒரு வரிதான் விதை. முடித்த நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. தொப்பிப் பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டார். பிறகு மறுபடி எடுத்து அனுப்பி, 1908-ல் பாஸ்டனில் அச்சானது.

அந்த ஊரு உண்மையிலேயே இருக்கா?

தீவு உண்மை, பிரின்ஸ் எட்வர்ட் தீவு. ஆவன்லி கற்பனை. ஆசிரியர் வளர்ந்த கேவண்டிஷ் கிராமத்தை வைத்துச் செய்தது. கிரீன் கேபிள்ஸ் என்ற பெயரில் அங்கே ஒரு வீட்டை இன்றும் காட்டுகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மாத்யூவின் வண்டியில் வரும்போது அந்தப் பெண், ரோடு ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று கேட்பாள். மாத்யூவுக்குப் பதில் தெரியாது. எங்கள் முகப்பில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் சொல்லிவிட்டான்: "மண்ணுல இரும்பு இருக்கும்." சரிதான். அங்கேயும் இரும்புத் துரு, இங்கேயும் இரும்புத் துரு. மழை பெய்தால் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மாளாத கஷ்டமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

'ஆன்'ன்னு எழுதும்போது கடைசியில ஒரு எழுத்து இருக்கணும்னு அந்தப் பொண்ணு ஏன் அவ்வளவு அடம்பிடிக்குது?

ஆங்கிலத்தில் அந்தப் பெயரைக் கடைசியில் 'இ' (e) எழுத்தோடும் எழுதலாம், இல்லாமலும் எழுதலாம். உச்சரிப்பு ஒன்றுதான். 'இ' இருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது என்பது அவள் கட்சி. தமிழில் சொல்லும்போது இது அடியோடு விழுந்துவிடுகிறது. எங்கள் வட்டத்து வள்ளிக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. ஏதோ ஒரு சான்றிதழில் அவள் 'வல்லி' ஆகி, அதைத் திருத்த அவள் அப்பா இன்னும் அலைகிறார். தனக்கென்று ஒரு சாமான்கூட இல்லாத பிள்ளைக்குப் பெயர் ஒன்றுதான் சொத்து. அதில் ஓர் எழுத்தை யாராவது எடுத்தால் சும்மா இருப்பாளா?

எனக்கு வந்த தொல்லை வேறு. 'ஆன்' என்பதோடு 'ஐ' சேர்த்தால் 'ஆனை' ஆகிவிடுகிறது. "மரில்லா ஆனை வளர்த்தாள்" என்று முதல் நாள் நான் சொன்னதும் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் உள்ள மாதிரி 'அந்தப் பெண்', 'அவள்' என்று சுற்றி வளைத்துத்தான் போகிறேன்.

எத்தனாவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

வாசித்துச் சொன்னால் எட்டு வயதிலிருந்து. ஆங்கிலத்தில் தானே படிக்க வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பாவது ஆகட்டும், வருணனை நீளம். முதல் பக்கத்திலேயே மூச்சு விடாத ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைப் பார்த்து மூடி வைத்துவிடுவார்கள். நேரே மாத்யூ ரயிலடிக்குப் போகும் இடத்தில் ஆரம்பியுங்கள்.

பையன் கேட்டாக, பொண்ணு வந்துச்சு. அது எப்படி இவ்வளவு பெரிய தப்பு நடக்கும்?

காகிதமே இல்லை, அதனால்தான். மரில்லா தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டார், அவர்கள் வேறொருவரிடம் சொன்னார்கள், வாய்க்கு வாய் போன சேதி மாறிவிட்டது. கடைக்குப் போகிறவரிடம் "அப்படியே எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி விடுவதுபோலத்தான். விடுதிக்குப் போன அம்மாள் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து ரயிலடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இது கதைக்காகச் செய்த மிகை இல்லை. 1869-லிருந்து 1930-கள் வரை பிரிட்டனிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும்.

அப்போ வேலைக்காரப் பையனைத்தானே தேடுனாக? இவுகளைப் போயி நல்ல மனுஷங்கன்னு ஏன் சொல்றீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஆயா. நாவலில் மிக முக்கியமான கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆமாம், தேடியது வேலைக்குத்தான். மாத்யூவுக்கு அறுபது வயது, நெஞ்சு வலி வேறு. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் மனசில் பிள்ளையே இல்லை, ஒத்தாசைதான் இருந்தது.

அந்தப் பெண் இதற்கு முன்னால் இருந்த இடங்களும் அப்படித்தான். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது அப்பா அம்மா இருவரும் காய்ச்சலில் போய்விட, ஒரு குடிகாரன் வீட்டில் எட்டு வயதுவரை. அடுத்து எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு வீடு, அதில் மூன்று ஜோடி இரட்டைக் குழந்தைகள். அப்புறம் நாலு மாதம் விடுதி. போன இடத்திலெல்லாம் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிச் சுமந்ததுதான் அவள் வேலை. அவள் கையில் ஒரு பழைய பை இருக்கும். சரியான வாட்டத்தில் பிடிக்காவிட்டால் கைப்பிடி கழன்று வந்துவிடும். மாத்யூ வாங்கிக்கொள்ளக் கை நீட்டும்போது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும், நானே வைத்துக்கொள்கிறேன் என்பாள். பதினோரு வயசு.

கதை திரும்பும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. இந்தப் பெண்ணால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று மரில்லா கேட்கிறாள். நம்மால் அவளுக்குப் பிரயோஜனம் இருக்கலாமே என்கிறார் மாத்யூ. வாய் திறக்காத மனிதர், அதைச் சொன்னதும் மறுபடி மௌனம். அன்றிலிருந்து அந்த வீடு மெதுவாக மாறுகிறது. அந்த ஆயாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நல்லவர்களாக அவர்கள் தொடங்கவில்லை, போகப் போகத்தான் ஆனார்கள்.

முடி சிவப்பா இருந்தா என்ன? அதுக்குப் போயா இம்புட்டு அழுகை?

நம்மூரில் பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை கொஞ்சம் மாநிறம்" என்று இழுப்பார்களே, அந்த மாதிரி. அந்த ஊரில் அந்தக் காலத்தில் சிவப்பு முடி என்றால் அழகில்லை, முன்கோபம் என்று ஒரு பேச்சு. முடியைக் கறுப்பாக்கும் சாயம் என்று தெருவில் வந்த வியாபாரியிடம் வாங்கித் தடவுகிறாள். பச்சையாகிவிடுகிறது. ஒட்ட வெட்ட வேண்டியதாகிறது. சிவப்பழகு க்ரீம் வாங்குகிற வீடுகளில் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வாசிக்கலாம்.

சிலேட்டால மண்டையில அடிச்சது தப்பில்லையா? நீங்க ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டீங்க.

தப்புதான். கூடப் படிக்கும் கில்பர்ட் அவள் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டு 'கேரட்' என்கிறான். அவள் சிலேட்டை அவன் தலையில் போட்டு உடைக்கிறாள். வாத்தியார் அவளுக்கு மட்டும் தண்டனை கொடுக்கிறார். என் தப்பும்தான் என்று கில்பர்ட் எழுந்து நின்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் கொதித்தது சிலேட்டுக்காக இல்லை, அந்த ஒருதலைப்பட்சத்துக்காக. நான் பேசாமல் போனதும் அதனால்தான், அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

அந்த சர்பத்து விஷயம் புரியல. குடிச்சா எப்படி மயக்கம் வரும்?

சர்பத் என்று நினைத்துத் தோழி டயானாவுக்கு ஊற்றிக் கொடுத்தது மரில்லா வீட்டிலேயே செய்து வைத்திருந்த பழ ஒயின். இரண்டும் சிவப்பு. நன்னாரி பாட்டிலில் வேறு எதையோ ஊற்றி வைத்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். டயானா மூன்று டம்ளர் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவள் அம்மா சிநேகிதத்தையே வெட்டிவிடுகிறாள். பிறகு டயானாவின் தங்கைக்கு நடு ராத்திரியில் மூச்சு முட்டும்போது காப்பாற்றத் தெரிந்தது ஆன் ஒருத்திக்குத்தான். மூன்று ஜோடி இரட்டையர் என்று முன்னால் சொன்னேனே, அங்கே கற்றது.

பெரியவங்களைப் பேரு சொல்லியா கூப்பிடுறது? "மரில்லா, மரில்லா"ன்னு கேட்கவே ஒரு மாதிரி இருக்கு.

எல்லா அம்மாக்களும் கேட்டார்கள். அந்தப் பெண்ணே அத்தை என்று கூப்பிடலாமா என்று கேட்கிறாள், பாவம். உறவு என்று ஒருவர்கூட இல்லாதவள், சொல்லிப் பார்க்கவாவது ஒரு முறை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். மரில்லா மாட்டேன் என்றுவிடுகிறாள். நான் உன் அத்தை இல்லை, இல்லாத உறவைச் சொல்லிக் கூப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறாள்.

தமிழில் சொல்லும்போது நான் முதலில் 'ஆச்சி' என்று போட்டேன். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் கதை கெட்டுவிட்டது. நமக்கு ரோட்டில் போகிறவர்கூட அண்ணன், ஆச்சிதான். முறை சொல்ல இங்கே காசா பணமா? அங்கே அது மறுக்கப்படுகிறது, அந்த மறுப்புதான் வலிக்க வேண்டிய இடம். அதனால் 'மரில்லா' என்றே திரும்பிவிட்டேன். கடைசிவரை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஆனால் பின்பாதியில் அந்தப் பெயரையே 'ஆத்தா' என்பதுபோல அவள் சொல்வது காதில் விழும்.

நம்ம பக்கம் பிள்ளை கூட்டுறாகளே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கிட்டத்தட்ட தலைகீழ். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம் எடுப்பது, எல்லாமே வீட்டுக்காக. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அற்றுப் போகக் கூடாது, கொள்ளி வைக்கவும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு நிற்கவும் ஆள் வேண்டும், சொத்து கைமாறிப் போகக் கூடாது. கூட்டுவது நகரத்தார் வீட்டுப் பிள்ளையை, அதுவும் ஆண் பிள்ளையை. அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெற்றவர்கள் உயிரோடுதான் இருப்பார்கள், பக்கத்து ஊரிலேயே. நேற்றுவரை சித்தப்பா என்று கூப்பிட்டவரை இன்று அப்பச்சி (அப்பா) என்று கூப்பிட வேண்டும். நாவலில் பெயரும் மாறவில்லை, முறையும் கிடைக்கவில்லை, இங்கே ஒரே நாளில் இரண்டும் மாறும்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கண்ணதாசன். 1927-ல் சிறுகூடல்பட்டியில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்த முத்தையா. காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு 7,000 ரூபாய்க்கு சுவீகாரம் வந்து, நாராயணன் என்ற பெயரில் வளர்ந்தார். அந்தக் காலத்து 7,000, ஒரு தொகைதான். அப்படி என்றால் இங்கே கூட்டி வந்த வீடுகளில் பாசம் இல்லையா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. கூட்டி வந்த பிள்ளைக்காக உயிரை விட்ட ஆச்சிகளை எனக்கே தெரியும். மாத்யூ வீட்டில் நடந்ததுபோல அது பின்னால் வந்தது.

1956-ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை வேறு. பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம். தத்துக் கொடுப்பதற்காகப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

மாத்யூவும் மரில்லாவும் இன்னைக்குக் காரைக்குடியில இருந்தா அந்தப் பொண்ணைத் தத்தெடுக்க விடுவாங்களா?

ஒரு வக்கீல் அம்மா கேட்டது, எனக்குப் பிடித்த கேள்வி. சேர்ந்து எடுக்க முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி கணவன் மனைவியாகச் சேர்ந்து எடுக்கலாம், அல்லது ஒருவர் தனியாக எடுக்கலாம். அண்ணன் தங்கை ஜோடிக்கு இடமில்லை. மாத்யூ தனியாக எடுக்க முடியாது, தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். வயதும் இடிக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தனி ஆளாக எடுக்கிறவருக்கு 55-க்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மரில்லா அதற்குள் இருந்தால் எடுக்கலாம்.

தத்தெடுப்பைக் கவனிக்கும் காரா என்ற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட வேண்டும், 2022 செப்டம்பர் முதல் அது கோர்ட்டில் இல்லை. ஐந்து வயது தாண்டிய பிள்ளையென்றால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள். நாவலில் கடைசிவரை ஒருவரும் கேட்காத கேள்வி இது: உனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறதா? அவள் கேட்காமலே சொல்லிவிட்டாள், அது வேறு விஷயம். வாய்வழிச் சேதிக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, பஸ் ஸ்டாண்டுல ஒரு பிள்ளை அப்படித் தனியா உட்கார்ந்திருந்தா மாத்யூ மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாமா?

கூடாது. எவ்வளவு நல்ல மனசாக இருந்தாலும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது போலீசிடம் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைப்பது குற்றம். அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு எங்கேயோ ஓர் அம்மா அழுதுகொண்டிருக்கலாம். மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுதான் அடுத்தது என்ன என்று முடிவு செய்யும். போன் பண்ணிவிட்டு ஆள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

ஒரு பேங்க் மூடினதுக்கா மாத்யூ செத்துப்போவாரு?

பிள்ளைகள் நம்பவில்லை, ஆயாக்கள் நம்பினார்கள். சேமிப்பு முழுவதும் போட்டிருந்த வங்கி முறிந்தது என்ற செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே வாசலில் விழுகிறார். ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். இந்த நாவல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1906-ல், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தச் சூட்டில்தான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது, நகரத்தார் பணமும் அதில் சேர்ந்தது. 1942-ல் போட்ட பணத்தையெல்லாம் விட்டுவிட்டு பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேத்திகள் எங்கள் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் இதை விளக்கவா?

இவ்வளவு படிச்சுட்டு, கடைசியில காலேஜுக்குப் போகாம வீட்டோட இருக்கிறதுதான் நல்ல முடிவா? பொண்ணுங்களுக்கு இதையா சொல்லிக்கொடுக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கேட்டாள், கோபமாகவே. மாத்யூ போய்விட்டார், மரில்லாவுக்குக் கண் மங்குகிறது, வீட்டை விற்க வேண்டிய நிலை. ஆன் கல்லூரிக்குக் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு உள்ளூரில் வாத்தியார் வேலைக்குப் போகிறாள். கில்பர்ட் அவளுக்காக ஆவன்லிப் பள்ளியை விட்டுக்கொடுக்கிறான்.

எனக்கும் இது முழுசாக ஒப்பவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். மரில்லா அவளிடம் இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் தடுக்கிறாள். வேலைக்காக வரவழைத்த வீட்டில், வேலை வாங்க வேண்டாம் என்கிறார்கள். அவள் இருக்கிறேன் என்கிறாள். அடுத்த புத்தகங்களில் கல்லூரிக்கும் போகிறாள் என்றதும் கேள்வி கேட்ட பெண் கொஞ்சம் சமாதானமானாள். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

'அனாதை'ங்கிற வார்த்தையைப் பிள்ளைங்க முன்னால சொல்லலாமா?

கதைக்குள் சொல்கிறேன், ஏனென்றால் ஊரார் அவளை அப்படித்தான் சொன்னார்கள். கதைக்கு வெளியே 'பெற்றோர் இல்லாத பிள்ளை' என்பதே போதும். திட்டுவதற்கு அந்த வார்த்தையை எடுத்தால் எங்கள் முகப்பில் இடம் கிடையாது.

எங்க மகளைத் தத்தெடுத்துத்தான் வளர்க்கிறோம். அவளுக்குத் தெரியும். இந்தக் கதையை அவகிட்ட கொடுக்கலாமா?

எல்லோரும் போன பிறகு, செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார் ஒரு அம்மா. கொடுக்கலாம், ஆனால் தனியாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்றேன். மறுநாள் திருப்பி அனுப்ப வண்டியில் ஏற்றும் அத்தியாயம் இருக்கிறது, அங்கே நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அனாதைப் பிள்ளையை வீட்டில் சேர்த்தால் நெருப்பு வைக்கும், விஷம் வைக்கும் என்று பக்கத்து வீட்டு ரேச்சல் அம்மாள் பேசுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிப் பேசுகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவரும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். பிள்ளைக்கு ரயிலடி அத்தியாயம்தான் பிடித்ததாம், மூன்று தரம் வாசிக்கச் சொன்னாளாம். அப்புறம் கேட்டாளாம்: "நீங்க என்னைக் கூப்பிட வந்த அன்னைக்கு என் கையில என்ன பை இருந்துச்சு?" பை ஒன்றும் இல்லை, ஒரு பொம்மை இருந்தது, அதற்கு ஒரு கை கிடையாது என்றாராம். பொம்மை இன்னும் பீரோவில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.